நாமினி முதல் உயில் வரை: இந்தியக் குடும்பத்தின் சேமிப்பு வாரிசுகளின் கைக்குச் சேர முழுமையான வழிகாட்டி

சேமிப்பைப் பற்றியும் முதலீட்டைப் பற்றியும் நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் எதில் போடுவது, எவ்வளவு வட்டி வரும் என்பதோடு நின்றுவிடுகிறது. போட்டவர் திடீரென இல்லாமல் போனால் அந்தப் பணம் யார் கைக்கு, எந்த வழியில் போய்ச் சேரும் என்ற கேள்வியை வீட்டில் எழுப்புவது அமங்கலம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். விளைவு என்னவென்றால், பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வங்கி வைப்புத் தொகை, ரிசர்வ் வங்கி 2014-இல் தொடங்கிய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போகிறது. ஏழு ஆண்டுகள் வாங்கப்படாத பங்கு ஈவுத்தொகையும் அதற்குரிய பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போகின்றன. பத்து ஆண்டுகளுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் காப்பீட்டுத் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது. இவை எதுவும் பறிமுதல் அல்ல. உரியவர் வந்து கேட்டால் திரும்பப் பெறலாம்; மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போன தொகையை மட்டும் 25 ஆண்டுகளுக்குள் கேட்டுவிட வேண்டும். ஆனால் கேட்பதற்கு முதலில் அப்படி ஒரு கணக்கு இருந்தது என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டியின் முற்பகுதி, உயிரோடு இருப்பவர் இன்றே உட்கார்ந்து செய்து முடிக்க வேண்டியவற்றைச் சொல்கிறது. பிற்பகுதி, குடும்பத்தில் ஒருவர் இறந்தபின் மற்றவர்கள் எந்த வரிசையில் நகர வேண்டும் என்பதைச் சொல்கிறது. முற்பகுதியைச் சரியாகச் செய்தவர்களின் வீட்டில் பிற்பகுதி சில வார வேலை. செய்யாதவர்களின் வீட்டில் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

முதல் படி: எங்கெங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியல்

நினைவிலிருந்து எழுதினால் பட்டியல் அரைகுறையாகத்தான் வரும். எனவே கடந்த ஓராண்டுக்கான பாஸ்புக்கையோ வங்கி அறிக்கையையோ எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்கிலும் பற்று விழுந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பெரிய தொகைகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கண்ணில் படாமல் போவது சிறிய தொகைகள்தான். எடுத்துக்காட்டாக, மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால், அந்தக் கணக்குக்காரர் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் இருக்கிறார் என்று பொருள். எந்தக் காரணத்தால் இறப்பு நேர்ந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரும். அதையொட்டி 20 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால் அது சுரக்ஷா பீமா திட்டம். விபத்தில் இறந்தால் மேலும் 2 லட்சம். கணக்குத் தொடங்கும்போது வங்கி ஊழியர் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு இதை மறந்துவிட்டவர்கள் ஏராளம். என்னைக் கேட்டால், பாஸ்புக்கிலேயே மதிப்புமிக்க வரி அந்த 436 ரூபாய் வரிதான்.

அதேபோல ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் விழும் லாக்கர் வாடகை, எப்போதோ தொடங்கிய மாதாந்திர மியூச்சுவல் ஃபண்டு தவணை, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், சீட்டு நிறுவனத்துக்குப் போகும் தொகை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சொத்தைச் சுட்டிக்காட்டுகிறது. பாஸ்புக்கில் அகப்படாதவற்றைப் பிடிக்க இன்னும் இரண்டு வழிகள் உண்டு. வருமான வரித் தளத்தில் பான் எண்ணைக் கொண்டு நுழைந்தால் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையில், எந்தெந்த வங்கி வட்டி கொடுத்தது, எந்தெந்த நிறுவனம் ஈவுத்தொகை கொடுத்தது என்ற விவரம் இருக்கும். பங்குகளும் ஃபண்டுகளும் வைத்திருப்பவர்களுக்கு என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகிய வைப்பகங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை எல்லா ஃபோலியோக்களையும், அதாவது ஃபண்டுக் கணக்குகளையும், ஒரே இடத்தில் காட்டிவிடும்.

கடன்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்; வாங்கியதையும் கொடுத்ததையும். அடகு வைத்த நகையின் ரசீது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரியாவிட்டால், வட்டி கட்டாத நகை ஏலத்துக்குப் போன பிறகுதான் விஷயமே வெளியில் வரும். தெரிந்தவருக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக் கடன் கொடுத்திருந்தால் அதன் தேதியைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டின் பேரில் வழக்குத் தொடர, காலவரையறைச் சட்டப்படி எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். இடையில் வட்டியோ அசலின் ஒரு பகுதியோ செலுத்தப்பட்டு, அது செலுத்தியவரின் கையெழுத்தோடு பதிவாகியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டுகள்.

ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே நிறுவனத்தின் பெயர், கிளை, கணக்கு எண், யார் பெயரில் இருக்கிறது, நாமினி யார், மூலப் பத்திரம் எந்த அலமாரியில் என்ற விவரங்கள் போதும். கடவுச்சொல்லையும் பின் எண்ணையும் எழுதக் கூடாது. இறந்தபின் அவற்றைப் பயன்படுத்துவதே தவறு என்பதைப் பிறகு பார்ப்போம். எழுதிய தாளை மனைவியோ கணவரோ, வளர்ந்த பிள்ளைகளில் ஒருவரோ எடுக்கக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். லாக்கருக்குள் வைத்துப் பூட்டினால், லாக்கரைத் திறப்பதற்கே அந்தத் தாள் தேவைப்படும்.

இரண்டாம் படி: பெயரும் இனிஷியலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்

தமிழ்நாட்டுப் பெயர்களுக்கே உரிய தொல்லை இது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பான் அட்டையில் தந்தை பெயர் முழுதாக விரிந்து பெயருக்கு முன்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை, பழைய காப்பீட்டுப் பத்திரத்தில் வேறு எழுத்துக்கூட்டல் என்று ஒரே மனிதர் நான்கு பெயர்களில் இருப்பார். அவர் இருக்கும்வரை நேரில் போய் நின்று, அது நான்தான் என்று சொல்லிவிடலாம். அவர் போனபின் இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று வாரிசுகள் உறுதிமொழிப் பத்திரம் எழுதி அலைய வேண்டியிருக்கும். ஆதார், பான் ஆகிய இரண்டையும் முதலில் ஒன்றாக்கிக்கொண்டு, மற்றவற்றை அவற்றுக்கு ஏற்பத் திருத்துவது எளிது. நாமினியாகப் போடப்படுபவரின் பெயரும் அவருடைய ஆதாரில் உள்ளபடியே பதிவாக வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை நாமினி கட்டத்தில் எழுதியவர்களும் உண்டு.

மூன்றாம் படி: நாமினி யார், வாரிசு யார் என்பதைப் பிரித்தறிதல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் அது இதுவாகவே இருக்கட்டும்: நாமினி என்பவர் பணத்தை நிறுவனத்திடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர்; அந்தப் பணம் இறுதியில் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ, உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டமோதான் தீர்மானிக்கும். உச்ச நீதிமன்றம் 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில் ஆயுள் காப்பீட்டுத் தொகையைப் பொறுத்து இதைத் தெளிவாகச் சொன்னது. பங்குகளுக்கும் அதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் தீர்ப்பளித்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் புரியும். இந்து ஆண் ஒருவர் தம் பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை வைத்திருக்கிறார். திருமணத்துக்கு முன் போட்ட கணக்கு என்பதால் தம்பி நாமினி. அவர் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, ஒரு மகன், மணமான ஒரு மகள், தாயார் ஆகியோர் இருக்கிறார்கள். வங்கி 10 லட்சத்தையும் தம்பியிடம் கொடுத்துவிடும். அதோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. ஆனால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன், மகள், தாய் ஆகிய நால்வருமே. ஆளுக்கு இரண்டரை லட்சம். மகளுக்குத் திருமணமாகிவிட்டது என்பதால் பங்கு குறையாது. தாயாருக்கும் சமபங்கு உண்டு என்பது பல வீடுகளில் தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும்போதுதான் தெரியவருகிறது. தந்தை உயிரோடிருந்தாலும் முதல் வகுப்பில் வரமாட்டார். தம்பிக்கு ஒரு ரூபாய்கூட உரிமை இல்லை. ஆனால் பணம் அவர் கையில் இருக்கிறது. அவர் நியாயமாகப் பிரித்துக் கொடுக்காவிட்டால் மற்றவர்களுக்கு நீதிமன்றம்தான் வழி.

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம் பங்குகளை வகுக்கிறது.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு மாற்றம் வந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவரையோ பலரையோ நாமினியாகப் போட்டிருந்தால், அந்தத் தொகை அவர்களுக்கே சொந்தமாகிறது. ஆகவே காப்பீட்டு நாமினியை மாற்றுவது உயிலை மாற்றுவதற்கு ஒப்பான முடிவு. முகவர் சொல்கிறார் என்பதற்காகப் போகிற போக்கில் செய்யக் கூடாது. வியாபாரக் கடன் உள்ளவர்கள் 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுப்பதைப் பற்றி விசாரிப்பது நல்லது. அந்த முறையில் எடுத்த பாலிசித் தொகை மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளையாகவே கருதப்படுவதால் கடன்காரர்கள் பொதுவாக அதில் கை வைக்க முடியாது. ஆனால் இதைப் பாலிசி எடுக்கும்போதே குறிப்பிட வேண்டும்.

நான்காம் படி: ஒவ்வோர் இடத்திலும் நாமினியைச் சரிபார்த்தல்

வங்கிக் கணக்குகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். வைப்புத் தொகை என்றால் இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: நால்வருக்கும் இன்ன சதவீதம் என்று மொத்தம் நூறு வரும்படி பிரித்துக் கொடுப்பது ஒன்று, முதலாமவர் இல்லாவிட்டால் இரண்டாமவர், அவரும் இல்லாவிட்டால் மூன்றாமவர் என்று வரிசைப்படுத்துவது மற்றொன்று. லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். சதவீத முறையில் ஒரு நாமினி கணக்குக்காரருக்கு முன்பே இறந்துவிட்டால் அவருக்குரிய பகுதி நாமினியே இல்லாததைப் போல ஆகிவிடும். எனவே வீட்டில் இறப்பு நேர்ந்த உடனே இதைத் திருத்த வேண்டும். படிவம் கொடுத்ததற்கு வங்கியிடம் ஒப்புகை கேட்டு வாங்குங்கள். நாமினி பதிவானது பாஸ்புக்கிலும் வைப்புத் தொகை ரசீதிலும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மியூச்சுவல் ஃபண்டு கணக்குகளுக்கும், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்குகளுக்கும், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2025-இல் கொண்டுவந்த விதிப்படி பத்துப் பேர் வரை போடலாம். பத்துப் பேரைப் போடுவதால் பெருமை எதுவும் இல்லை. இருவரோ மூவரோ போதும்.

வருங்கால வைப்பு நிதி தனிக் கவனம் கேட்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளில் திருமணமாகாதவர் பெற்றோரையோ அண்ணனையோ நாமினியாகப் போட்டிருப்பார். திருமணம் ஆனதும் அந்த நியமனம் தானாகவே செல்லாததாகிவிடும். புதிதாகப் போட வேண்டும். குடும்பம் உள்ளவர் குடும்ப உறுப்பினர் அல்லாதவரை நாமினியாகப் போட்டால் அதுவும் செல்லாது. இப்போது யு.ஏ.என். என்ற வைப்பு நிதி உறுப்பினர் எண்ணைக் கொண்டு உறுப்பினர் தளத்தில் நுழைந்து, குடும்ப உறுப்பினர்களின் ஆதார் விவரங்களையும் புகைப்படங்களையும் ஏற்றி, ஆதார் மின் கையொப்பத்தோடு முடித்துவிடலாம். மின் கையொப்பம் போடாமல் பாதியில் விட்டால் நியமனம் பதிவாகாது. நிறையப் பேர் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். பணியில் இருக்கும்போதே இறப்பவரின் குடும்பத்துக்கு வைப்பு நிதித் தொகையோடு, ஈ.டி.எல்.ஐ. என்ற காப்பீட்டின் கீழ் 7 லட்சம் ரூபாய் வரையிலும் கிடைக்கும். ஊழியர் அதற்குத் தனியாகப் பணம் கட்டுவதில்லை என்பதால் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். பணிக்கொடைக்கும் (கிராஜுவிட்டி) நாமினி படிவம் நிறுவனத்திடம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

நாமினி மைனர் என்றால் அவர் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவரின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். பிள்ளைக்கு 18 வயது ஆனதும் அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கூட்டுக் கணக்கைப் பற்றித் தெளிவாக முடிவெடுத்தல்

கணவன், மனைவி இருவர் பெயரிலும் ஒரு கணக்கு இருப்பதும், அது இருவரில் எவரும் அல்லது உயிரோடிருப்பவர் இயக்கலாம் என்ற முறையில் இருப்பதும் நல்லது. ஒருவர் மறைந்தாலும் மற்றவர் அன்றாடச் செலவுக்குத் தடையின்றி எடுக்க முடியும். கூட்டுக் கணக்கில் போட்ட நாமினிக்கு, எல்லாக் கணக்குதாரர்களும் இறந்த பிறகுதான் வேலை. கூட்டு வைப்புத் தொகையை ஒருவர் இறந்தபின் மற்றவர் முதிர்வுக்கு முன் எடுப்பதற்கு, இருவரும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும் என்று வங்கிகள் கேட்கும். அந்தச் சம்மதத்தை வைப்புத் தொகை போடும் நாளிலேயே கொடுத்துவிடலாம்.

வயதான பெற்றோர் வங்கிக்குப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று பல பிள்ளைகளில் ஒருவரை மட்டும் கூட்டுக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். வசதிக்குச் சேர்த்ததா, கொடுப்பதற்குச் சேர்த்ததா என்ற கேள்வி பிற்காலத்தில் உடன்பிறந்தவர்களுக்கிடையே எழாமல் இருக்காது. அப்படிச் சேர்ப்பதாக இருந்தால் மாதச் செலவுக்கான கணக்கில் மட்டும் சேர்த்துவிட்டு, பெரிய தொகைகளை அதற்கு வெளியே வைப்பது என் பரிந்துரை.

ஆறாம் படி: உயில்

சொத்து அதிகமுள்ளவர்களுக்குத்தான் உயில் என்ற எண்ணம் தவறு. ஒரு வீடு, கொஞ்சம் நகை, சில வைப்புத் தொகைகள், இரண்டு பிள்ளைகள் இருந்தாலே உயிலுக்கு வேலை இருக்கிறது. சட்டம் கேட்பது மிகக் குறைவு. எழுதுபவர் 18 வயது நிறைந்து தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும். அவர் கையெழுத்திட வேண்டும். அவர் கையெழுத்திட்டதைக் கண்ட அல்லது அது தம் கையெழுத்து என்று அவரே சொல்லக் கேட்ட இரண்டு சாட்சிகள், அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாளில் தமிழில் கையால் எழுதியதும் செல்லும். சாட்சிகள் உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பதிவு கட்டாயமல்ல என்றாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், உயிலே போலி என்ற வாதம் வலுவிழக்கும். தொலைந்தாலும் சான்றிட்ட நகல் கிடைக்கும். எழுபதைக் கடந்தவர்கள் அதே நாளில் மருத்துவரிடம் மனநலம் பற்றிய சான்று ஒன்றையும் வாங்கி உடன் வைப்பது பயன் தரும்.

எழுதும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சாட்சிகள் உயிலால் பயன்பெறாதவர்களாகவும், எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாகவும் இருப்பது நல்லது. நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிவந்தால் அவர்கள் உயிரோடு இருக்க வேண்டுமல்லவா! ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் தேதியும் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட உயில் இருந்தால் கடைசியாக எழுதியதே செல்லும் என்பதால், முந்தையவற்றை ரத்து செய்கிறேன் என்ற வரியும் வேண்டும். இதில் குறிப்பிடாத, இனிமேல் சேரக்கூடிய சொத்துகள் அனைத்தும் இன்னாருக்கு என்ற பொதுவாசகத்தை விட்டுவிட்டால், உயில் எழுதியபின் வாங்கியவை எல்லாம் உயில் இல்லாத சொத்துகளாகிவிடும். தாம் சம்பாதித்ததையும், பூர்விகச் சொத்தில் தமக்குள்ள பங்கையும் மட்டுமே எழுத முடியும். மற்றவர் பங்கை எழுதினால் அந்த அளவுக்கு அது செல்லாது. முஸ்லிம்கள், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் நிகரச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது.

உயிலில் ஒருவர் பெயர், நாமினியாக இன்னொருவர் பெயர் என்று இருந்தால் சண்டையை நாமே எழுதிக் கொடுத்ததாகும். உயில் முடிந்ததும் நான்காம் படிக்குத் திரும்பிப் போய், நாமினிகளை உயிலோடு ஒத்துப்போகும்படி மாற்றிவிட வேண்டும்.

ஏழாம் படி: இறப்புக்குப் பின் முதல் சில வாரங்கள்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் விவரம் கொடுக்கும்போதே பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி ஆகியவை ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். துக்கத்தில் யாரோ ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன எழுத்துக்கூட்டல் சான்றிதழில் ஏறிவிட்டால் அதைத் திருத்துவது தனி வேலை. வாரிசுச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் வட்டாட்சியர் வழங்குகிறார்; இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இது யார் யார் வாரிசுகள் என்பதைக் காட்டும் ஆவணம். பெரிய தொகைகளுக்கோ வாரிசுகளுக்குள் தகராறு இருந்தாலோ சில நிறுவனங்கள் கேட்கும் வாரிசுரிமைச் சான்று வேறு. அதை நீதிமன்றம்தான் வழங்கும், அதற்கு நீதிமன்றக் கட்டணமும் உண்டு.

இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையிலோ கைபேசிச் செயலியிலோ பணம் எடுக்கக் கூடாது. காரியச் செலவுக்கு என்ற நல்லெண்ணத்தில் செய்தாலும், கணக்குக்காரர் இறந்த தேதிக்குப் பிந்தைய எடுப்பு அறிக்கையில் தெளிவாகத் தெரியும். மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது.

முதலில் கவனிக்க வேண்டியவை நாள் கடந்தால் கெட்டுப்போகிறவை. நகைக்கடனின் வட்டி நிலுவை, வீட்டுக் கடனின் தவணை, வாகனக் காப்பீட்டின் முடிவுத் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். விபத்தில் இறந்திருந்தால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் எல்லாக் காப்பீட்டுக்கும் அடிப்படை. சொந்த வாகனத்தை ஓட்டிச் செல்லும்போது விபத்தில் இறந்தவருக்கு, வாகனக் காப்பீட்டுடன் சேர்ந்த உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் 15 லட்சம் ரூபாய் கிடைக்கக்கூடும்; வண்டி சேதத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு இதை விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. பாஸ்புக்கில் 436, 20 ரூபாய் வரிகள் இருந்தால் அந்தக் கிளையிலேயே உரிமைக் கோரிக்கையைக் கொடுக்க வேண்டும். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால், விண்ணப்பத்தில் தவறான தகவல் கொடுத்தார் என்ற காரணத்தைக் காட்டி மறுக்கக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை.

வங்கியில் நாமினி இருந்தால் உரிமைக் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று ஆகிய மூன்றே போதும். நாமினி இல்லாவிட்டாலும் எல்லாத் தொகைக்கும் நீதிமன்றம் போகத் தேவையில்லை. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 மார்ச் 31-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்ன வழிமுறைகளின்படி, வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையிலும், தகராறும் உயிலும் இல்லாத நிலையில், பணம் கேட்கும் வாரிசுகளின் இழப்பீட்டு உறுதிப் பத்திரமும் மற்ற வாரிசுகளின் மறுப்பின்மைக் கடிதமும் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும். எல்லா ஆவணங்களும் சேர்ந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். வங்கியின் காரணமாகத் தாமதமானால் தொகைக்கு இழப்பீடாக வட்டி உண்டு. ஆகவே கொடுத்த ஆவணங்களின் பட்டியலில் தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் வெளியே வரக் கூடாது.

வருங்கால வைப்பு நிதி, அதோடு சேர்ந்த ஓய்வூதியம், ஈ.டி.எல்.ஐ. மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். கணவரையோ மனைவியையோ இழந்தவருக்கு மாத ஓய்வூதியமும், அதோடு ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை பிள்ளைகள் ஓய்வூதியமும் உண்டு. இறப்பு நேர்ந்தால் பணிக்கொடைக்கு ஐந்தாண்டுப் பணி என்ற நிபந்தனை கிடையாது.

எட்டாம் படி: கடனும் வரியும்

இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பாவது, அவரிடமிருந்து தங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பளவுக்கு மட்டுமே. எதுவும் வரவில்லையென்றால் தனிநபர் கடனையோ கிரெடிட் கார்டு நிலுவையையோ மகன் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டவர் நிலை வேறு. அவர் முழுக் கடனுக்கும் பொறுப்பு. வசூல் முகவர்கள் துக்க வீட்டுக்கே வந்து புதிய ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடக் கூடாது. முதலில் கடன் விவரத்தை எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடனோடு காப்பீடு இணைந்திருந்ததா என்றும் கேளுங்கள்.

இந்தியாவில் மரபுரிமையாக வரும் சொத்துக்கு வரி கிடையாது. முன்பிருந்த எஸ்டேட் வரி 1985-இல் நீக்கப்பட்டது. ஆனால் அந்தச் சொத்து வாரிசு கைக்கு வந்தபின் ஈட்டும் வட்டியும் வாடகையும் வாரிசின் வருமானம். விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. அதைக் கணக்கிடும்போது இறந்தவர் வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் எடுத்துக்கொள்ளப்படும். அம்மா முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மனையின் பத்திரத்தையும் நகையின் ரசீதையும் தூக்கி எறியக் கூடாது என்பது இதனால்தான். இறந்த நாள் வரையிலான வருமானத்துக்குக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருந்தால், வாரிசு ஒருவர் வருமான வரித் தளத்தில் சட்டப்படியான பிரதிநிதியாகப் பதிந்துகொண்டு செய்யலாம். திரும்ப வர வேண்டிய வரிப்பணமும் அந்த வழியில்தான் கிடைக்கும். அது முடியும்வரை இறந்தவரின் பான் எண்ணை ஒப்படைக்க அவசரப்பட வேண்டாம்.

ஒன்பதாம் படி: பழைய பணத்தைத் தேடுதல்

தாத்தா காலத்துக் கணக்குகளுக்கும் இப்போது வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம் தளத்தில், இறந்தவரின் பெயரோடு பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, பிறந்த தேதி ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பல வங்கிகளின் உரிமை கோரப்படாத வைப்புத் தொகைகளை ஒரே இடத்தில் தேடலாம். இனிஷியலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தளம் கணக்கு இருப்பதை மட்டுமே காட்டும். பணத்தை அந்தந்த வங்கிக் கிளையில்தான் கேட்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் தளங்களில் உரிமை கோரப்படாத தொகைக்கான தேடலை வைத்திருக்கின்றன. செயலற்றுக் கிடக்கும் மியூச்சுவல் ஃபண்டு ஃபோலியோக்களைத் தேட மித்ரா என்ற தளம் உண்டு. முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் (ஐ.ஈ.பி.எஃப்.) போய்விட்ட பங்குகளுக்கு, முதலில் அந்த நிறுவனத்தின் பங்குப் பதிவாளரிடம் வாரிசு ஆவணங்களைக் கொடுத்து உரிமைக் கடிதம் பெற்று, பிறகு ஐ.ஈ.பி.எஃப்.-5 படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும். இந்தத் தேடல்களுக்கும் அந்தப் படிவத்துக்கும் கட்டணம் எதுவும் இல்லாததால், கிடைக்கும் தொகையில் பங்கு தந்தால் முடித்துத் தருவதாகத் தொலைபேசியில் அழைப்பவரிடம் ஆதார் நகலையோ கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தையோ கொடுக்க வேண்டியதில்லை.